அரசமரத்துக் கருடனும் ஒரு பித்தளைக் குழாயும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டாம் வருஷம் டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாட்டுங்காவில் ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில், ஷ்யாமளா தன் நாத்தனார் எடுத்த போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மேலெல்லாம் சாம்பல் நிற வானம். கீழே ஓரமாக அரசமரத்தின் உச்சி. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. ஏதோ அழுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று புடவைத் தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டப் போனபோது ராஜலக்ஷ்மி பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயோ மன்னி, அதுதான் கருடன்!"

"இதுவா? ஈன்னுன்னா நெனச்சேன்."

ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணா ஜகந்நாதனும் எழுந்து வந்து பார்த்தான். மூக்குக்கண்ணாடியை ஏற்றினான், இறக்கினான். "ஒரு முழு ஃபிலிம் சுருளும் இதே மாதிரியா?" என்று கேட்டான். முப்பத்தாறு படமும் அப்படித்தான். முப்பத்தாறு புள்ளிகள்.

கோபப்பட்டிருக்க வேண்டியவள் ராஜலக்ஷ்மி. ஆனால் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்து ஓய்ந்த பிறகு, "தூரத்தைக் கிட்டே கொண்டு வர லென்ஸ் ஒண்ணு வாங்கணும்" என்றாள்.

"தூரத்துல இருக்கறது தூரத்துல இருந்துட்டுப் போறது. அதை நாம ஏன் கிட்டக்கக் கொண்டு வரணும்?" என்றான் ஜகந்நாதன்.

அவனுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ராஜலக்ஷ்மிக்குத் தூரத்தின் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா போன பிறகு பாலக்காட்டிலிருந்து அண்ணாவோடு பம்பாய்க்கு வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை என்று டாக்டரிடம் அழைத்துப் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தவள், நடைபாதையில் நின்றுவிட்டாள். தெருவோர மரத்தில் இலைகள் தனித்தனியாக இருந்தன. அதுவரை மரம் என்றால் பச்சையாக ஒரு பெரிய மூட்டை என்றுதான் நினைத்திருந்தாளாம். அன்றைக்கு வீடு வந்து சேர்வதற்குள் எத்தனை முறை நின்றாள் என்று ஜகந்நாதனே பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

கண்ணாடியால் வேறொன்றும் நடந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் எழுதுவதாகச் சொல்லிப் போனார்கள். கடிதம் வரவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் வருத்தம் இருந்தது. ராஜலக்ஷ்மி டைப்ரைட்டிங் படித்து, பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, தினம் காலையில் டிபன் டப்பாவோடு மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு ஓட ஆரம்பித்ததும் அந்த வருத்தம் யாருக்கும் ஞாபகமில்லாமல் போயிற்று. அவளுக்கு முதலிலிருந்தே இல்லை.

காமிரா அவளுடைய கப்பல் கம்பெனி மேனேஜரிடமிருந்து வந்தது. அந்த வெள்ளைக்காரர் தன் தேசத்துக்குத் திரும்பிப் போகும்போது சாமான்களை விற்றார். நாற்காலி, கிராமபோன், டீ செட் எல்லாவற்றுக்கும் ஆள் வந்தது. ஜெர்மன் காமிராவுக்கு மட்டும் வரவில்லை. அதைக் கண்ணில் வைத்துப் பார்க்க முடியாது. குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் வலது பக்கம் இடதாகவும் இடது பக்கம் வலதாகவும் தெரியும். இதென்ன தொல்லை என்று எல்லோரும் வைத்துவிட்டுப் போனார்கள். மலிவாகக் கிடைத்தது, ராஜலக்ஷ்மி எடுத்துக்கொண்டாள். லென்ஸைத் திருகிக் கழற்றி வேறு லென்ஸ் மாட்டலாம் என்று அவர் போகிற போக்கில் சொன்னது மட்டும் அவள் மனசில் தங்கிவிட்டது.

கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு அரசமரம் இருந்தது. அதன் உச்சியில் இரண்டு கருடன்கள் குச்சி குச்சியாகக் கொண்டுவந்து கூடு கட்டிக்கொண்டிருந்தன. செம்மண் நிறச் சிறகு, வெள்ளைத் தலை. கட்டிடத்துப் பெண்களுக்கு அது பெரிய பாக்கியம். காலையில் துணி உலர்த்த மொட்டை மாடிக்கு வருகிறவர்கள் கருடன் வட்டமிடுவதைப் பார்த்தால், வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மூன்றாவது மாடி விஜயலக்ஷ்மி மாமி ராஜலக்ஷ்மியின் காமிராவைப் பார்த்த அன்றே சொல்லிவிட்டாள்: "கருடாழ்வாரை ஒரு படம் எடுத்துக் குடுடியம்மா. ஃப்ரேம் போட்டுப் பூஜை அலமாரியில வெச்சுக்கறேன்."

புள்ளியை எப்படிப் பூஜை அலமாரியில் வைப்பது?

அடுத்த வாரம் ஆபீஸ் விட்டதும் ராஜலக்ஷ்மி ஹார்ன்பி ரோடில் ஒரு பெரிய காமிராக் கடைக்குள் நுழைந்தாள். கறுப்புத் தொப்பி வைத்த பார்ஸி விற்பனைக்காரர் ஒருவர் ஒரு நீளமான ஜெர்மன் லென்ஸைப் பட்டுத் துணியிலிருந்து எடுத்து, அவள் காமிராவிலேயே மாட்டி, கடை வாசலுக்கு அழைத்துவந்து கொடுத்தார். எதிர்க் கட்டிடத்தின் மேல் வளைவில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. ராஜலக்ஷ்மி குனிந்து பார்த்தாள். புறாவின் கண் தெரிந்தது. கண்ணைச் சுற்றி ஒரு ஆரஞ்சு வளையம். அது இமை கொட்டியது.

"புறா இமை கொட்டுகிறது!" என்று அவள் இங்கிலீஷில் கத்தினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

விலையைக் கேட்டாள். அரை வருஷச் சம்பளத்துக்கு மேலே இருந்தது. "என்னால் வாங்க முடியாது" என்று ஒளிக்காமல் சொன்னாள். அவர் வருத்தப்படவில்லை. "பார்ப்பதற்குக் காசு கிடையாது. இன்னும் கொஞ்சம் பாருங்கள்" என்றார். அவள் அந்தப் புறா பறந்து போகும்வரை பார்த்துவிட்டுத்தான் ரயிலேறினாள்.

அடுத்த முயற்சி சோர் பஜார். தன் கைக்குழந்தையை விஜயலக்ஷ்மி மாமியிடம் விட்டுவிட்டு ஷ்யாமளாவும் கூட வந்தாள். பழைய கடிகாரம், கதவுப் பிடி, ஒற்றைச் செருப்பு இவற்றுக்கு நடுவில், சிந்துவிலிருந்து புதிதாக வந்த ஒருவர் கம்பளி விரித்துத் தூரதர்சினிகளும் லென்ஸ்களும் பரப்பியிருந்தார். அதில் ஒன்று ஒரு முழ நீளம், பளபளவென்று பித்தளை. ராஜலக்ஷ்மி அதைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவில்லை. நீளம்தான் அவளை மயக்கியது. விலையும் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது. பர்ஸைத் திறந்துவிட்டாள்.

"கொஞ்சம் இரு" என்றாள் ஷ்யாமளா. கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொத்தல் தேடுகிற மாதிரி அந்த லென்ஸை வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "ராஜி, உள்ளே எட்டுக்கால் பூச்சி கூடு கட்டியிருக்குடி."

ராஜலக்ஷ்மியும் பார்த்தாள். கண்ணாடிக்கு உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருந்தது. துடைக்க முடியாத இடத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. கடைக்காரர் மறைக்கப் பார்க்கவில்லை. கையை விரித்துச் சிரித்தார். "பம்பாய் மழை, பஹன்ஜி! எங்கள் ஊரில் மழை கிடையாது, பூஞ்சையும் கிடையாது. இங்கே வந்து இரண்டையும் பார்த்துவிட்டேன்." ஷ்யாமளா அதற்குப் பதிலாகக் கம்பளி ஓரத்தில் கிடந்த ஒரு இட்லித் தட்டை அவரிடம் வாங்கினாள். அதையும் வெயிலுக்குத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கினாள்.

இந்தச் சமயத்தில்தான் இனாயத்துல்லா வருகிறார்.

இனாயத்துல்லாவுக்குத் தாராவியில் லேத் பட்டறை. மேலப்பாளையத்துக்காரர், நாற்பது வயது, பெரிய குரல். கப்பல் கம்பெனியின் மோட்டார் படகுகளுக்குப் பித்தளை வால்வும் திருகும் செய்து கொடுப்பார். மாதம் ஒரு முறை பில் கொண்டுவருவார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, அதை இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுப்பது ராஜலக்ஷ்மி. அந்த மாதம் வந்தபோது அவள் மேஜையில் புள்ளிப் படம் கிடந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, யுத்தத்துல மிஞ்சின சாமானை ஏலம் போட்டாங்கல்லா, நான் பித்தளைக்காக ஒரு லாட்டு எடுத்தேன். அதுல ஏரோப்ளேன்ல வச்சு ஊரைப் படம் புடிக்கிற லென்ஸ் ஒண்ணு கிடக்கு. உருக்க மனசு வரல்ல. வந்து பாக்கீயளா?"

ராஜலக்ஷ்மி சனிக்கிழமை மத்தியானமே போய்விட்டாள். பட்டறை ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. மேலே மரப்படி ஏறினால் வீடு. எதிரே திறந்த வெளியில் தோல் பதனிடும் கூடங்கள். கயிற்றில் தோல்கள் காய்ந்துகொண்டிருந்தன. வாடை தூக்கிப் போட்டது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவள், லென்ஸைக் கண்டதும் கையை எடுத்துவிட்டாள்.

அது லென்ஸ் இல்லை, ஒரு தவலை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கி லேத்துப் பக்கத்துப் பலகையில் வைத்தார்கள். அதன் பின்னால் காமிராவை வைத்தபோது, யானைக்குப் பின்னால் எலி நிற்பது மாதிரி இருந்தது. வாசலை நோக்கித் திருப்பினார்கள். ராஜலக்ஷ்மி குனிந்து பார்த்தாள். திறந்த வெளிக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் ஒரு கூரை மேல் காகம். அதன் அலகில் ஒரு துண்டுக் கயிறு. கயிற்றின் முறுக்குக்கூடத் தெரிந்தது.

"பாய்! கயிறு! முறுக்கு தெரியறது!"

இனாயத்துல்லாவும் பார்த்தார். "அல்லாவே!" என்றார். பட்டறையில் வேலை நின்றுபோயிற்று. ஆளாளுக்கு வந்து காகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் காகம் பறந்தது. இரண்டு பேர் மூச்சுப் பிடித்து லென்ஸைத் திருப்பினார்கள். திருப்பி முடிப்பதற்குள் காகம் மாஹிம் பக்கம் போய்விட்டது. இன்னொரு காகம் வந்தது. அதுவும் போய்விட்டது.

ராஜலக்ஷ்மி வெகுநேரம் அந்த லென்ஸை விட்டு நகரவில்லை. அதன் முன் கண்ணாடி குளம் மாதிரி இருந்தது. குனிந்தால் முகம் தெரிந்தது. மொட்டை மாடிக்கு இதை எப்படி ஏற்றுவது, எதன் மேல் வைப்பது, யாரைத் தூக்கச் சொல்வது என்று யோசித்தாள். கடைசியில் பெருமூச்சு விட்டாள்.

"வேண்டாம் பாய். என்னால தூக்க முடியாதது எனக்கு எதுக்கு?"

"அப்ப இந்தச் சின்னதைப் பாருங்க. இதுவும் அந்த லாட்டுலதான் வந்துச்சு. மரப்பெட்டிக் காமிரா உடைஞ்சுபோச்சு, இது மட்டும் தப்பிச்சுக் கிடந்துச்சு" என்று ஒரு சாக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஒரு டம்ளர் அளவு. ராஜலக்ஷ்மி முதல் வேலையாக அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். நூல் இல்லை, கீறல் இல்லை. கைப்பையில் கார்பன் காப்பிக்கு வைக்கிற மெல்லிய தாள் எப்போதும் நாலைந்து இருக்கும். ஒன்றை எடுத்து லென்ஸுக்குப் பின்னால் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்தினாள். ஏறக்குறைய ஒரு சாண் தள்ளிப் பிடித்ததும், தாளில் எதிர்வெளி முழுவதும் தலைகீழாக வந்து விழுந்தது. தொங்குகிற தோல்கள், கூரைகள், வானத்தில் நடக்கிற மாதிரி ஒரு மனிதர். ஒவ்வொன்றும் ஊசியால் கீறினது போலத் துல்லியம்.

அவளுக்கு அப்போது ஒன்று புலப்பட்டது. இது பெரிய பெட்டிக் காமிராவில் வைத்துக் கல்யாண கோஷ்டியை எடுக்கிற சாதாரண லென்ஸ். அந்தக் காமிராவின் அகலமான தகட்டில் இவ்வளவும் விழும். அவளுடைய சின்ன ஃபிலிமில் நடுத் துண்டு மட்டும்தான் விழும். அந்தத் துண்டே முழுப் படமாகிவிடும். தாளின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சதுரம் மடித்துப் பார்த்தாள். ஒரே ஒரு தோல், ஒரு மூங்கில் கம்பு. அவள் லென்ஸில் தெரிவதைப் போல நாலு மடங்கு.

"தவலை இதைவிடப் பெருசாக் காட்டுமே தங்கச்சி?" என்றார் இனாயத்துல்லா.

"காட்டும். ஆனா இதோட நான் மாடி ஏறலாம், தண்ணித் தொட்டி மூலைவரைக்கும் போகலாம். மிச்ச தூரத்துக்குத்தான் எனக்குக் கால் இருக்கே."

விலை பேசும்போது அவர் தராசை எடுத்தார். "பித்தளைக்கு மட்டும் குடுங்க. கண்ணாடிக்கு நான் காசு வாங்க மாட்டேன், நான் பித்தளைக்காரன்." அப்படித்தான் அந்த லென்ஸ் ராஜலக்ஷ்மியுடையதாயிற்று. ஹார்ன்பி ரோடு ஜெர்மன் லென்ஸின் பட்டுத் துணிக்குக்கூட அந்தப் பணம் போதாது.

இனி அதைக் காமிராவில் மாட்ட வேண்டும். இனாயத்துல்லா குழாய்க்குள் குழாய் வைத்துக் கடைந்தார். இழுத்தால் கிட்டே உள்ளது தெளிவாகும், உள்ளே தள்ளினால் தூரத்தில் உள்ளது. காமிராவைக் கவ்வுகிற பல்லுக்கு அவளுடைய பழைய லென்ஸையே அச்சாக வைத்துக்கொண்டார். வேலை முடிந்து கைக்கு வந்ததும் ராஜலக்ஷ்மி பின்பக்கத்து பால்கனிக்கு ஓடினாள். முழுவதும் உள்ளே தள்ளியும், பக்கத்து வீட்டு பால்கனியில் வெயிலில் வைத்திருந்த நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடிதான் தெளிவாகத் தெரிந்தது. கருடன் ஒரு பழுப்பு மேகம்.

"ஊறுகாயை வேணா ஒரு படம் எடு. நன்னா வந்திருக்கு" என்றான் ஜகந்நாதன்.

குழாய் கொஞ்சம் நீளம் அதிகம். இனாயத்துல்லா தலையில் அடித்துக்கொண்டு, ஒரு நெல்மணி அளவு சீவினார். போதவில்லை. இன்னொரு நெல்மணி. கருடன் கூர்மையாகிவிட்டது. ஒரு சுருள் எடுத்துக் கழுவினால், படமெல்லாம் மோர் ஊற்றின மாதிரி வெளிறிக் கிடந்தது.

இந்த முறை மூன்று பேரும் பட்டறைப் படியில் உட்கார்ந்து யோசித்தார்கள். மூன்றாவது ஆள் இனாயத்துல்லாவின் மனைவி சைனப். வெல்வெட் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே குழாயை வாங்கி உள்ளே பார்த்தாள். "என்னங்க இது, உள்ளுக்குள்ள இப்படி மினுங்குது? கண்ணு கூசுதே" என்றாள்.

அவ்வளவுதான் கோளாறு. பளபளப்பாகக் கடைந்த பித்தளை உள்ளுக்குள்ளேயே வெளிச்சத்தைச் சிதற அடித்துக்கொண்டிருந்தது. சைனப் ஒரு கறுப்பு வெல்வெட் துண்டை அளவாக வெட்டி, பசை தடவி, உள்ளே சுருட்டி ஒட்டினாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருட்டாகிவிட்டது குழாய். "என் ரவிக்கைகூட இவ்வளவு நல்லா ஒட்டினதில்ல" என்று அவளே மெச்சிக்கொண்டாள். ராஜலக்ஷ்மி அங்கேயே உட்கார்ந்து அவள் கொடுத்த இஞ்சி டீயைக் குடித்தாள். முதல் நாள் வந்தபோது சைனப் நீட்டிய டீயை அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்; அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

லென்ஸ் கிடைத்துவிட்டது. கருடன் இன்னும் கிடைக்கவில்லை.

குனிந்து பார்க்கிற காமிராவில் கருடன் வலப்பக்கம் பறந்தால் இடப்பக்கம் ஓடும். ராஜலக்ஷ்மி அதைத் துரத்திக் காமிராவை இடப்பக்கம் திருப்புவாள். கருடன் அடியோடு காணாமல் போகும். ஆகவே கையைப் பழக்க ஆரம்பித்தாள். காலையில் பால்கனியில் நின்று சைக்கிளில் போகிற பால்காரனைத் துரத்தினாள். டிராம், தபால்காரர், கைவண்டி, யாரையும் விடவில்லை. ஃபிலிம் போடாமல் வெறுமனே திருப்பித் திருப்பிப் பழகினாள். சில நாள் கழித்துச் சாப்பிடும்போது வலப்பக்கம் இருக்கிற ரசத்துக்கு இடப்பக்கம் கை நீட்டினாள் என்று ஷ்யாமளா எல்லோரிடமும் சொன்னாள். கொஞ்சம் மிகைதான்.

மொட்டை மாடிச் சுவரில் லென்ஸை வைத்தால் ஆடியது. ஷ்யாமளா குழந்தையின் தலைக்கு வைக்கிற கடுகுத் தலையணையைக் கொண்டுவந்து சுவர் மேல் போட்டாள். குழாய் அதில் பதிந்து உட்கார்ந்துகொண்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் கடுகு சரசரவென்று நகர்ந்து இடம் விட்டது. "குழந்தை முழிச்சுக்கறதுக்குள்ள எடுத்து முடி" என்றாள்.

பிப்ரவரியில் கூட்டுக்குள்ளிருந்து ஒரு குஞ்சு தலை தூக்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜலக்ஷ்மி தலைகூட வாரிக்கொள்ளாமல் மாடிக்குப் போய்விட்டாள். தண்ணீர்த் தொட்டி மூலையில், கடுகுத் தலையணை மேல் லென்ஸ். பக்கத்தில் ஷ்யாமளா. காற்றில் உலர்கிற புடவைகள் முகத்தில் வந்து அடித்தன. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டில் தாய் இல்லை. குஞ்சு மட்டும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது.

"ராஜி, வரது! சயான் பக்கம்!"

ராஜலக்ஷ்மி காமிராவைத் திருப்பினாள். சரியான பக்கம் திருப்பினாள். கண்ணாடியில் ஒரு செம்பழுப்புச் சிறகு உள்ளே நுழைந்தது, பெரிதாகிக்கொண்டே வந்தது, சிறகுகள் அகல விரிந்து கூட்டின் மேல் அப்படியே ஒரு கணம் நின்றது. குஞ்சு வாயைப் பிளந்தது. அவள் அமுக்கினாள். திருகி மறுபடி அமுக்கினாள்.

"கெடச்சுதா?" என்றாள் ஷ்யாமளா.

"தெரியலையே மன்னி. தெரியலையே!" என்று சொல்லிக்கொண்டே அவள் கழுத்துப் பட்டையில் காமிரா ஆட, மன்னியின் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினாள். கடுகுத் தலையணை மாடியிலிருந்து கீழே விழுந்ததைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை.

கிடைத்திருந்தது. பெரிதாகப் போட்ட படம் வந்த அன்று வீட்டுக் கூடத்தில் ஒரே கூட்டம். வெள்ளைத் தலையில் ஒவ்வொரு இறகும் தெரிந்தது. வளைந்த அலகு, சாமரம் மாதிரி விரிந்த சிறகு நுனிகள், கீழே திறந்த வாயோடு குஞ்சு. விஜயலக்ஷ்மி மாமி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கிட்டே கொண்டு போனாள். அப்படியே நின்றாள்.

"கால்ல என்னடி அது?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கருடனின் நகங்களுக்கு நடுவில், வால் மேல்நோக்கித் துடிக்க, செதில் செதிலாகப் பளபளத்துக்கொண்டு ஒரு மீன். நல்ல கொழுத்த மீன். லென்ஸ் அவ்வளவு துல்லியம்.

"பூஜை அலமாரியில மீனா?" என்றாள் மாமி. "அதை மட்டும் சுரண்டி எடுத்துடேன் ராஜி. ஒரு பூ மாதிரி ஏதாவது வரைஞ்சுடு."

ஜகந்நாதன் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான். ராஜலக்ஷ்மி பொறுமையாகச் சொன்னாள்: "அது குழந்தைக்கு ஆகாரம் கொண்டு வரது மாமி. அதைச் சுரண்டிட்டா அந்தக் குஞ்சு வெறும் வாயைத் திறந்துண்டு இருக்குமே."

மாமி மறுபடி படத்தைப் பார்த்தாள். குஞ்சைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். அவள் ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்: "அதுவும் வாஸ்தவம்தான். குழந்தைக்கு ஊட்டறச்சே மடி ஆசாரம் பாக்கப்படாது." பூஜை அலமாரியில் வைக்கவில்லை. ஆனால் கூடத்தில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டினாள். அதன் பிறகு அந்தக் கட்டிடத்தில் ஒரு வீடு பாக்கியில்லை. எல்லோரும் பிரதி கேட்டார்கள். கீழ்வீட்டு மங்களூர்க்காரர் மட்டும், மீன் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிற மாதிரி போட்டுத் தர முடியுமா என்று ரகசியமாகக் கேட்டார்.

ஷ்யாமளா சொல்லி, ராஜலக்ஷ்மி அதை ஒரு இங்கிலீஷ் வாரப் பத்திரிகைக்கு அனுப்பினாள். முழுப் பக்கத்தில் வந்தது. அடியில் 'மிஸ்டர் ஆர். லக்ஷ்மி, பம்பாய்' என்று போட்டிருந்தார்கள். "யாரந்த மிஸ்டர், நம்மாத்துல?" என்று ஷ்யாமளா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். ஜகந்நாதன் ஸ்டேஷனில் இருந்த பிரதிகளையெல்லாம் வாங்கிவந்து, தான் வேலை பார்க்கிற பாங்கில் ஒவ்வொரு மேஜையாகப் போய்க் காட்டினான். "தூரத்துல இருக்கறதைக் கிட்டக்கக் கொண்டு வரணும் சார், அதுலதான் விஷயமே இருக்கு" என்று அவன் சொன்னதாகக் கேள்வி.

அதற்குப் பிறகு ராஜலக்ஷ்மி வெகுகாலம் அதே கப்பல் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போவாய் ஏரி, வசாய், உரண் என்று பறவைகளைத் தேடிப் போனாள். நல்ல லென்ஸ்கள் பிற்காலத்தில் வாங்கினாள். எந்தப் படத்தை எந்த லென்ஸால் எடுத்தாள் என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லுவாள். சொல்வதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கருடன் படம் எடுத்த மறுமாதம், மார்ச்சில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஒரு விடுமுறை நாள் இரண்டு குடும்பமும் பஸ் பிடித்து டிராம்பே கடற்கரைக்குப் போனார்கள். நீர் வடிந்து சேறு வெகுதூரம் பளபளத்தது. ஜகந்நாதனும் இனாயத்துல்லாவும் ஒரு மர நிழலில் உட்கார்ந்து ரேஷன் அரிசியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜலக்ஷ்மி உள்ளான் குருவிகளைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பியபோது, சைனப் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"என்னை ஒரு படம் எடுப்பீயளா? எங்க உம்மாவுக்கு அனுப்பணும். ஸ்டுடியோவுக்குப் போனா கண்ணு முன்னால மிசினை வச்சுக்கிட்டு நிக்கான். எனக்குக் கண்ணு தானா மூடிக்கிடும். நீங்க எட்டி நின்னுல்லா எடுக்கீய."

"எட்டியே நிக்கறேன்" என்று ராஜலக்ஷ்மி பின்னால் நடந்தாள்.

சைனப் பாறை மேல் உட்கார்ந்து, தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து பார்த்தாள். உடனே கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னும் தள்ளிப் போங்க!"

ராஜலக்ஷ்மி இன்னும் தள்ளிப் போனாள்.

"இன்னும்! இன்னும் கொஞ்சம்!"

கண்ணைக் காமிராவிலிருந்து எடுக்காமல் அவள் பின்னாலேயே போனாள். மணல் முடிந்து சேறு ஆரம்பித்தது தெரியவில்லை. ஒரு கால் கணுக்கால்வரை இறங்கியது, மறு கால் முழங்காலுக்கு இறங்கியது. காமிராவைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "மன்னீ!" என்று கத்தினாள். ஷ்யாமளா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். பாறை மேலிருந்த சைனப்புக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. முக்காடு நழுவியது, வெட்கம் போயிற்று, கண் இரண்டும் விரியத் திறந்திருந்தன.

"மன்னி, இழுக்காதேங்கோ, ஒரு நிமிஷம் இருங்கோ!" என்று ராஜலக்ஷ்மி சேற்றில் நின்றபடியே காமிராவை இறக்கி, குழாயை உள்ளே தள்ளி, குனிந்து பார்த்தாள்.